ஷெஃப்லர் மேல் மட்டும் கட்டினால் போதாதா?

13 ஜூலை 2025, ஞாயிறு (ஒரு வாசகர் கேட்டது)

“ஒரு கோல்ஃப் போட்டின்னா 156 பேர் ஆடுறாங்க. அதுல யாரு ஜெயிப்பான்னு மண்டையை உடைச்சுக்கிறதுக்குப் பதிலா, ஸ்காட்டி ஷெஃப்லர் மேல மட்டும் வாராவாரம் பந்தயம் கட்டிட்டுப் போயிடலாமே? உலகத்துல நம்பர் ஒன். எந்தப் போட்டியைப் பார்த்தாலும் மேல இருக்கார். இதுக்கு ஏன் இவ்வளவு அட்டவணை, ஆராய்ச்சி? முடிஞ்சா கணக்கோட மறுங்க.”

14 ஜூலை, திங்கள் காலை

மறுக்கத்தான் உட்கார்ந்தேன். கணக்குப் போட்டதும் பாதியில் நின்றுவிட்டேன்.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிஜிஏ டூரில் (அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை கோல்ஃப் தொடர்) ஷெஃப்லர் 19 போட்டி ஆடி 7 ஜெயித்தார். பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் தனி. வாரம் ஒரு யூனிட் (ஒரே அளவான பந்தயத் தொகை), விலை சராசரியாக ஒன்றுக்கு ஐந்து, அதாவது ஜெயித்தால் வைத்தது திரும்பி வந்து மேலே ஐந்து லாபம் என்று வைப்போம். ஏழு வெற்றிக்கு 35 யூனிட் வரவு, பன்னிரண்டு தோல்விக்கு 12 போச்சு, மிச்சம் 23. ஒன்றுக்கு ஐந்து தாராளம் என்பீர்கள். சரி, நான்கு என்று போட்டாலும் 16 மிஞ்சுகிறது. மூன்றுக்கு இறக்கினாலும் 9.

அந்த வருஷம் முழுக்க நான் யார் யார் எந்தப் புல்லில் நன்றாக பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) போடுகிறார்கள் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டியதில் மிஞ்சியது 4 யூனிட்டுக்கும் குறைவு. ஆக, கேட்டவர் சொல்வது முட்டாள்தனம் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

14 ஜூலை, திங்கள் இரவு

மதியம் பூராவும் இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டை எங்கே என்று இப்போது பிடிபட்டது.

ஒன்றுக்கு நான்கு விலையில் கட்டினால், வைத்த முதல் தேறவே ஐந்து போட்டிக்கு ஒன்று ஜெயிக்க வேண்டும். டைகர் வுட்ஸ் பிஜிஏ டூரில் 82 போட்டி ஜெயித்தவர். அவருடைய வாழ்நாள் விகிதமே ஐந்துக்கு ஒன்றைவிடக் கொஞ்சம்தான் மேலே. அதாவது, அந்த விலையில் வாராவாரம் கட்டுகிறவர் ‘இந்த மனிதர் டைகர் அளவுக்கு ஆடிக்கொண்டே இருப்பார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கிட்டத்தட்ட ஒன்றும் வாங்காமல் வருகிறார். 2024-இல் ஷெஃப்லர் ஆடியது மூன்றுக்கு ஒன்றுக்கும் மேல். அது டைகரின் வாழ்நாள் விகிதத்தையே தாண்டிய வருஷம். முடிந்த பிறகு பார்த்தால் சுலபமாகத்தான் இருக்கும்.

இந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் சமையலில் கண்ணாடி உடைந்து கை கிழிந்தது, சீசன் தொடக்கமே தவறியது. அப்புறம் வந்தும் முதல் வெற்றிக்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மார்ச்சில் ஒரு யூனிட், ஏப்ரலில் ஒரு யூனிட் என்று போய்க்கொண்டே இருந்தபோதும் தளராமல் கட்டியவர் எத்தனை பேர்? நான் நிச்சயமாக நிறுத்தியிருப்பேன். நிறுத்திய மறு வாரம் அவர் 31 அண்டரில் (‘பார்’ என்கிற நிர்ணய எண்ணிக்கையைவிட 31 அடி குறைவாக) ஜெயித்திருப்பார். மே மாதம் பைரன் நெல்சனில் அப்படித்தான் ஜெயித்தார்.

15 ஜூலை, செவ்வாய்

‘ஈச்-வே போட்டால் பாதுகாப்புதானே’ என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். புதிதாக வருகிற எல்லோரும் விழுகிற பள்ளம் அது.

ஈச்-வே என்றால் பணம் இரண்டாகப் பிரிகிறது. பாதி அவர் ஜெயிப்பதற்கு, பாதி முதல் இத்தனை இடங்களுக்குள் வருவதற்கு. இடத்துக்கான விலை பெரும்பாலும் வெற்றி விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றுக்கு ஐம்பது விலையில் இருக்கிற ஆளுக்கு இது தேன், இடம் மட்டும் பிடித்தாலே ஒன்றுக்குப் பத்து. ஷெஃப்லர் ஒன்றுக்கு ஐந்து. ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. அவர் இரண்டாவதாக வந்தால் இடத்துப் பாதியில் ஒன்று கிடைக்கும், வெற்றிப் பாதியில் ஒன்று போகும். நான்கு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வைத்த காசை வைத்தபடி எடுத்துக்கொண்டு எழுந்திருக்கலாம்.

இன்று, இந்த வாரம் பிரிட்டிஷ் ஓபன் நடக்கிற ராயல் போர்ட்ரஷ்ஷில், அவர் நிருபர்களிடம் பேசியதைப் பார்த்தீர்களா? ஜெயித்த சந்தோஷம் சில நிமிஷம்தான் நிற்கிறது, இதற்காகவா இவ்வளவும் என்று தோன்றுகிறது என்கிற மாதிரி. உடனே ‘பசி போய்விட்டது, அவருக்கு எதிராகக் கட்டு’ என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. ஆட்டக்காரரின் பேச்சைக் கேட்டுக் கட்டியவர்களில் நானும் ஒருவன், எனக்குத் தெரியும். தொழில் மேல் இவ்வளவு தெளிவாக இருக்கிற ஆள் ஞாயிற்றுக்கிழமை கை நடுங்க மாட்டார் என்றும் அதே பேச்சைப் படிக்கலாம். இரண்டு பக்கமும் இழுக்கிற துணி அது.

16 ஜூலை, புதன்

என் சீட்டு. ஐந்து பந்தயம், ஐந்து யூனிட்.

ஹாரிஸ் இங்கிலிஷ், முதல் சுற்றின் முடிவில் முன்னணி, ஒன்றுக்கு 80. மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தவர், ஆனாலும் யாரும் பேசுவதில்லை.

பிரைசன் டிஷாம்போ, முதல் பத்துக்குள், ஒன்றுக்கு இரண்டரை.

ஷேன் லௌரி, ஈச்-வே, பாதி பாதி. 2019-இல் இதே மைதானத்தில் ஆறு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் ஜெயித்தவர்.

ரோரி மெக்கில்ராய், வெற்றி. காரணம் கேட்காதீர்கள். பின்னால் ஒரு நாள் சொல்கிறேன்.

ஒரு யூனிட் சனிக்கிழமைக்காகக் கையில்.

முதல் சுற்று முன்னணிப் பந்தயத்தில் ஒரு விஷயம் உண்டு. ஓபனில் எல்லோரும் முதல் டீயில் (முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்தில்) இருந்துதான் கிளம்புகிறார்கள். காலை ஆறரைக்கு ஒருவர், மாலை நாலு மணிக்கு மேல் ஒருவர். கடற்கரை மைதானத்தில் இந்தப் பத்து மணி நேரத்துக்குள் காற்றும் மழையும் ஆட்டத்தையே மாற்றிவிடும். வியாழன் காலை ஆடுகிறவர் வெள்ளி மதியம் ஆடுவார், அவர் மதியம் என்றால் மறுநாள் காலை. நான்கு நாள் பந்தயத்தில் இது ஓரளவு சமன் ஆகலாம். முதல் சுற்றில் ஆகவே ஆகாது. ஆகையால் கிளம்பும் நேரம் வெளிவந்த பிறகுதான் கட்ட வேண்டும். நான் வெளிவந்த பிறகுதான் கட்டினேன். அதைப் பார்த்தேனா என்று கேட்டால்... பார்த்தேன். லேசாக.

17 ஜூலை, வியாழன் இரவு

இங்கிலிஷ் 67! நான்கு அண்டர்! முன்னணி!

கூடவே நான்கு பேர். மேத்யூ ஃபிட்ஸ்பாட்ரிக், ஹாவோடோங் லீ, பெசுய்டன்ஹவுட், ஸ்கோவ் ஒலெசன். ஐந்து பேரும் 67. ஆக டெட் ஹீட் (சமநிலை), பரிசை ஐந்தாகப் பங்கு போட வேண்டும். எண்பதை ஐந்தால் வகுத்தால் 16 யூனிட் லாபம். பரவாயில்லை. ரொம்பவே பரவாயில்லை.

டிஷாம்போ 78. அந்தச் சீட்டைக் கிழித்தாயிற்று.

18 ஜூலை, வெள்ளி

நேற்று சொன்ன 16 தப்பு. தூக்கத்தில் விழித்துக்கொண்டு திருத்துகிறேன்.

டெட் ஹீட்டில் விலையை வகுப்பதில்லை, வைத்த பணத்தைத்தான் வகுப்பார்கள். என் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு, 0.2, ஜெயித்ததாகக் கணக்கு. மீதி 0.8 தோற்றது. 0.2-க்கு 80 மடங்கு 16, அதோடு அந்த 0.2 திரும்பி வரும். கைக்கு வருவது 16.2. நான் வைத்தது 1. லாபம் 15.2. முக்கால் யூனிட்டுக்குப் பெரிய வித்தியாசமா என்றால், இல்லை. ஆனால் இந்தத் தப்பை சின்ன விலையில் செய்தால் பந்தயம் ஜெயித்தும் நட்டம் வரும். அது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை எனக்கே பாடம் எடுக்கப்படப் போகிறது என்று அப்போது தெரியாது. (இந்தக் கடைசி வரி மட்டும் 21-ஆம் தேதி சேர்த்தது.)

லௌரிக்கு 12-ஆவது ஹோலில் பயிற்சி வீச்சின்போது பந்து அசைந்ததாக இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. திரையில் பத்து முறை போட்டுக் காட்டினார்கள். எனக்கு அசைந்த மாதிரியும் தெரிந்தது, அசையாத மாதிரியும் தெரிந்தது. என் சீட்டு மட்டும் நன்றாகவே அசைந்தது.

டிஷாம்போ இன்று 65. கிழித்த சீட்டைத் தேடுகிறேன்.

19 ஜூலை, சனி

மூன்று சுற்று முடிந்தது. ஷெஃப்லர் 14 அண்டர், அடுத்து லீ 10 அண்டர். நான்கு ஸ்ட்ரோக். இனி ஷெஃப்லர் மேல் கட்டினால் வைத்ததை விடச் சில்லறைதான் கூட வரும்.

இந்த நிலையில் கெட்ட புத்தி ஒன்று வரும். 1996 மாஸ்டர்ஸில் கிரெக் நார்மன் ஆறு ஸ்ட்ரோக் முன்னிலையில் தொடங்கி, நிக் ஃபால்டோவிடம் ஐந்து ஸ்ட்ரோக்கில் தோற்றார். 1999-இல் கார்னூஸ்டியில் வான் டி வெல்ட் கடைசி ஹோலுக்கு மூன்று ஸ்ட்ரோக் கையில் வைத்துக்கொண்டு வந்து, ஓடையில் இறங்கி நின்று, ஏழு அடித்தார். பத்து ஸ்ட்ரோக் பின்னால் அன்றைய நாளைத் தொடங்கிய பால் லாரி பிளே-ஆஃபில் (சமநிலையைத் தீர்க்கும் கூடுதல் ஆட்டத்தில்) கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். 2016-இல் ஸ்பீத், மாஸ்டர்ஸ், 12-ஆவது ஹோல், தண்ணீரில் இரண்டு பந்து. கோல்ஃப் பார்க்கிற யாரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் சொல்வார்கள். முன்னிலையில் இருந்தவர் பேசாமல் ஜெயித்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் சொல்வதில்லை, சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மூன்று கதையின் விலையைத்தான் நாம் துரத்துகிறவர் மேல் கட்டும்போது கொடுக்கிறோம்.

இவ்வளவும் தெரிந்தும் கையில் இருந்த ஒரு யூனிட்டை லீ மேல் வைத்தேன். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்கள். மண்குதிரை என்று தெரிந்தே இறங்குவதற்கும் ஒரு பழமொழி இருக்க வேண்டும்.

(‘ஷெஃப்லர் இல்லாமல்’ என்று தனியாக ஒரு பந்தயம் உண்டு. அவரை நீக்கிவிட்டு மற்றவர்களில் யார் முதல் என்பது. நியாயமாக என் யூனிட் அங்கேதான் போயிருக்க வேண்டும்.)

20 ஜூலை, ஞாயிறு

எட்டாவது ஹோலில் ஷெஃப்லர் டபுள் போகி (பாரைவிட இரண்டு அடி கூட). எழுந்து நின்றுவிட்டேன்.

உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஹோலிலேயே பேர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு).

17 அண்டர். நான்கு ஸ்ட்ரோக் வித்தியாசம். தொடங்கிய வித்தியாசத்திலேயே முடித்தார். இரண்டாவது யார் தெரியுமா? ஹாரிஸ் இங்கிலிஷ். ‘ஷெஃப்லர் இல்லாமல்’ அவர்தான் முதல். வியாழக்கிழமை அந்த மனிதர் மேல் காசு வைத்தவன், சனிக்கிழமை அவரை மறந்துவிட்டு லீயிடம் போனான்.

21 ஜூலை, திங்கள்

டிஷாம்போ கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 78, 65, 68, 64. வியாழன் இரவு மூட்டை கட்டிய ஆள், ஞாயிறு மாலை 9 அண்டர், பத்தாவது இடம். முதல் பத்து! கத்தினேன்.

பிறகு பட்டியலைக் கீழே வரை பார்த்தேன். 9 அண்டரில் அவரோடு கானர்ஸ், ஹார்மன், ஹென்லி. நான்கு பேர். ஏழாவது இடத்தில் மூன்று பேர் இருந்ததால் ஏழு, எட்டு, ஒன்பது போச்சு. மிச்சம் இருப்பது பத்தாவது என்ற ஒரே நாற்காலி. அதில் நான்கு பேர். என் ஒரு யூனிட்டில் கால் பங்குதான் ஜெயித்தது. கால் யூனிட்டுக்கு இரண்டரை மடங்கு 0.625, கூட அந்தக் கால். மொத்தம் 0.875.

நான் சொன்ன ஆள் நான் சொன்ன இடத்துக்கு வந்தார். பந்தயம் ஜெயித்தது. காசு எட்டில் ஒரு பங்கு குறைந்தது.

டை ஆனாலும் முழுப் பணம் தருகிற இடங்களும் உண்டு. அங்கே விலை அதற்குத் தகுந்த மாதிரி குறைவாக இருக்கும். ஆக, ‘முதல் பத்து’ என்ற எழுத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோல்ஃபில் டை வராத போட்டியே கிடையாது. முதல் இடத்துக்கு மட்டும்தான் பிளே-ஆஃப் வைத்துத் தீர்க்கிறார்கள். மற்ற இடங்களில் நான்கு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

வாரக் கணக்கு: இங்கிலிஷ் 15.2 வரவு. டிஷாம்போ 0.125 செலவு. லௌரி, மெக்கில்ராய், லீ ஆளுக்கு ஒன்று செலவு. நிகரம் 12.075. நல்ல வாரம். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கேள்வி கேட்டவரின் கணக்கு: வைத்தது 1, லாபம் 5. நான் வைத்த ஐந்தையும் அவர் சொன்ன ஆள் மேலேயே வைத்திருந்தால் 25.

சரி, அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

24 ஜூலை

மெக்கில்ராய்க்குக் காரணம் சொல்கிறேன் என்றேன்.

2011 மாஸ்டர்ஸில் நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையில் வந்து கடைசி நாள் 80 அடித்தாரே, அந்த முகத்தைப் பார்த்ததில் இருந்து பிடித்துப்போயிற்று. 2014-இல் ஓபனும் பிஜிஏ-வும் ஜெயித்தார். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஒரு மேஜர் (நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) இல்லை. அந்தப் பத்து வருஷமும் ஒவ்வொரு மாஸ்டர்ஸிலும் அவர் மேல் ஒரு யூனிட். 2024 ஜூனில் பைன்ஹர்ஸ்ட்டில் யு.எஸ். ஓபன், அதிலும் வைத்திருந்தேன். 16-இல் மூன்று அடிகூட இல்லாத பட் தவறியது, 18-இல் இன்னொன்று. ஒரு ஸ்ட்ரோக்கில் டிஷாம்போ ஜெயித்தார். அன்று இரவு முடிவு செய்தேன்: இனி இந்த மனிதர் மேல் ஒரு பைசா கிடையாது. சத்தியத்தைக் காப்பாற்றினேன். 2025 மாஸ்டர்ஸில் கட்டவில்லை.

அந்த வருஷம் ஜெயித்தார். பிளே-ஆஃபில் ஜஸ்டின் ரோஸை முடித்து, நான்கு மேஜரும் வாங்கிய ஆறாவது ஆள் ஆனார். அவர் புல்லில் முழங்கால் போட்டு அழுதபோது நானும் கொஞ்சம் கலங்கினேன். எதற்கு என்பது எங்கள் இருவருக்கும் வேறு வேறு.

போர்ட்ரஷ் அவருடைய ஊர்ப்பக்கம். 2019-இல் அங்கே முதல் ஷாட்டையே எல்லைக்கு வெளியே அடித்து, முதல் ஹோலில் எட்டு எடுத்து, ஒரு ஸ்ட்ரோக்கில் கட் (இரண்டு சுற்றுக்குப் பிறகு ஆள் கழிக்கும் வரம்பு) தவறவிட்டவர். இந்த முறை அந்தக் கதைக்கு முடிவு வரும் என்று நம்பிக் கட்டினேன். ஏழாவதாக வந்தார். கதைக்கு யாரும் ஆட்ஸ் (விலை) குறைத்துத் தருவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஊர் மொத்தமும் அதே கதையை நம்பிக் கட்டுவதால் கூட்டித்தான் வாங்குகிறார்கள்.

24 ஜூலை, சிறிது நேரம் கழித்து

‘ஆட்ஸ் குறைத்து’, ‘கூட்டி’ என்று மேலே தலைகீழாக எழுதிவிட்டேன். கூட்டம் கட்டினால் விலை இறங்கும், அதாவது ஜெயித்தால் நமக்கு வருவது குறையும். எனக்கே குழம்புகிறது, ஆனால் சொல்ல வந்தது புரிந்திருக்கும்.

மெக்கில்ராய் மேல் கட்டிச் சம்பாதித்தவர் என்றால் அவருடைய அப்பாதான். பையனுக்கு 15 வயது இருக்கும்போது, 2004-இல், 26 வயதுக்குள் ஓபன் ஜெயிப்பான் என்று 200 பவுண்ட் வைத்தார், ஒன்றுக்கு 500. 2014-இல் ஹாய்லேக்கில் பையன் ஜெயித்தான். அப்பாவுக்கு ஒரு லட்சம் பவுண்ட். இதில் நாம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, அப்படி ஒரு பையன் வேண்டும்.

27 ஜூலை

போட்டிக்கு நடுவே ஆள் விலகினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. முதல் டீயில் அடிப்பதற்கு முன் விலகினால் பணம் திரும்ப வரும். ஒரு ஷாட் அடித்துவிட்டால் போச்சு. 2024 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், வெள்ளிக்கிழமை விடிகாலை, வல்ஹல்லா மைதான வாசலில் ஷெஃப்லரைப் போலீஸ் கைது செய்த செய்தி வந்தபோது நான் யோசித்த முதல் விஷயம் இதுதான், வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை ஆடியாயிற்று, எனவே காசு அம்போ. மனிதர் வெளியே வந்து, நேரத்துக்குள் டீக்குப் போய், 66 அடித்தார். வழக்கும் பிறகு தள்ளுபடியாயிற்று. கடைசியில் எட்டாவது. என் சீட்டு எப்படியும் போகத்தான் இருந்தது.

2 ஆகஸ்ட்

மழையால் ஒரு ஆட்டம் நின்றிருக்கிறது, அதற்குள் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று.

ஒரு போட்டியில் யாராவது ஹோல்-இன்-ஒன் (ஒரே அடியில் பந்து குழிக்குள்) அடிப்பார்களா? ஒன்றுக்கு எவ்வளவு கேட்பீர்கள்? பெரும்பாலானவர்கள் பத்து, இருபது என்பார்கள். போட்டுப் பாருங்கள். 156 பேர் இரண்டு சுற்று: 312. கட் தாண்டிய 65 பேர் இன்னும் இரண்டு சுற்று: 130. மொத்தம் 442 சுற்று. சுற்றுக்கு நான்கு பார்-3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) என்றால் 1768 டீ ஷாட். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் சுமார் 2500 முறைக்கு ஒரு தடவை நேராகக் குழியில் போடுவார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்படியென்றால் அந்த வாரத்தில் ஒருவராவது அடிப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. காசு சுண்டுவது மாதிரி.

1991-இல் இங்கிலாந்தில் எஸெக்ஸைச் சேர்ந்த இரண்டு பேர் இதைத்தான் செய்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். தனியாகக் கடை வைத்திருக்கும் சின்ன புக்கிகளுக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். சிலர் ஒன்றுக்கு நூறு வரை கொடுத்தார்கள். பெரிய போட்டிகளில் வரிசையாக ஹோல்-இன்-ஒன் விழுந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பவுண்ட். சில கடைக்காரர்கள் பணம் தராமலே போனார்கள்.

எந்த ஆட்டக்காரர் நல்லவர் என்று அவர்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, கவனித்தீர்களா? எதிரில் இருப்பவர் எங்கே தப்பாக விலை போட்டிருக்கிறார் என்று மட்டும் பார்த்தார்கள். கேள்வி கேட்டவருக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ‘ஷெஃப்லர் ஜெயிப்பாரா’ என்பது பார்க்கிறவன் கேள்வி. கட்டுகிறவன் கேட்க வேண்டியது ‘இந்த விலைக்கா’ என்று. 2024-இல் அந்த விலை தப்பாக இருந்தது, அவர்கள் தாமதமாகத்தான் திருத்தினார்கள். நீங்கள் வாங்கியிருந்தால் லாபம். இப்போது திருத்திவிட்டார்கள்.

3 ஆகஸ்ட்

நேற்று ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி பேசிவிட்டேன். என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருஷத்தில் என் மொத்த லாபத்தைவிட, ஒரே ஒரு ஈச்-வே சீட்டில் வந்த லாபம் அதிகம். அந்த ஒரு சீட்டை நீக்கிவிட்டால் நான் நட்டத்தில். அந்த ஆளை நான் விலை பார்த்துத் தேர்ந்தெடுத்தேனா? இல்லை. பட்டியலில் பக்கத்துப் பெயரைத் தொடப்போய் விரல் தவறி அவரைத் தொட்டேன். மாற்றச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

அதோடு, ஒழுங்காக விலை பார்த்துக் கட்டி மூன்று மாதம் தொடர்ந்து ஜெயித்த இடத்தில் என்ன ஆயிற்று என்றால், ஒரு நாள் என் உச்சவரம்பைச் சில்லறைக்கு இறக்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. விரல் தவறிக் கட்டியவனாக இருந்தவரை நான் மரியாதைக்குரிய வாடிக்கையாளன்.

9 ஆகஸ்ட்

‘கல்கத்தா’ என்று ஒரு பந்தய முறை இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் கல்கத்தாவேதான், குதிரைப் பந்தயத்தில் இருந்து போன பெயர். போட்டிக்கு முந்தின இரவு ஒவ்வொரு ஆட்டக்காரரையும் ஏலம் விடுவார்கள். ஏலப் பணம் எல்லாம் ஒரே பானையில். யார் வாங்கிய ஆள் ஜெயிக்கிறாரோ அவருக்குப் பெரும்பங்கு. 1955-இல் நியூயார்க் பக்கம் டீப்டேல் கிளப்பில் பொய் ஹேண்டிகேப் (திறன் குறைந்தவருக்குத் தரும் அடிச் சலுகை) காட்டி இரண்டு பேர் புகுந்து ஜெயித்து, அது வெளியே வந்து நாறியது. அதற்குப் பிறகு அமெரிக்க கோல்ஃப் சங்கம் இதை ஒதுக்கியது.

எனக்கு இதில் பிடித்தது, விலையை நிர்ணயிப்பது புக்கி இல்லை, கூட இருக்கிறவர்கள். ஷெஃப்லரை எல்லோரும் போட்டி போட்டு ஏற்றிவிடுவார்கள். கடைசியாக வருகிற பத்துப் பெயரை ஒருவர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். நான் அந்த ஆளாக இருக்க ஆசைப்படுகிறேன். ஆனால் மெக்கில்ராய் பெயர் வந்தால் கையைத் தூக்கிவிடுவேன்.

11 ஆகஸ்ட்

நேற்று மெம்ஃபிஸில் டாமி ஃப்ளீட்வுட். மூன்று ஹோல் மிச்சம் இருக்கும்போது முன்னணி, கடைசியில் மூன்றாவது. ஜூனில் டிராவலர்ஸில் கடைசி ஹோலில் கீகன் பிராட்லியிடம் விட்டார். இரண்டிலும் நான் இருந்தேன். பிஜிஏ டூரில் இதுவரை ஒரு வெற்றிகூட இல்லாத ஆள் இவ்வளவு நன்றாக ஆடுவது ஒரு கொடுமை. சாண் ஏறி முழம் சறுக்குகிறவர் மேல் இனிமேல் கட்டுவதில்லை.

18 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவருக்கு: வாழ்த்துகள். நேற்று பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப்பில் மெக்கின்டயருக்கு நான்கு ஸ்ட்ரோக் பின்னால் தொடங்கி உங்கள் ஆள் ஜெயித்துவிட்டார். 17-இல் அந்தச் சிப் (குழிக்கு அருகில் இருந்து தூக்கி அடிப்பது) நேராக உள்ளே போனதைப் பார்த்தபோது நானே கைதட்டினேன். தகுதி பெற்றதே 50 பேர்தான், பாதியில் ஆள் கழிக்கும் ‘கட்’ கிடையாது, அதனால் விலையும் ஒடுங்கித்தான் இருந்திருக்கும். எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?

இந்த வாரம் டூர் சாம்பியன்ஷிப்பில் 30 பேர். விலை இன்னும் ஒடுங்கும். இந்த ஒரு வாரம் விட்டுவிடுங்கள் என்பது என் எண்ணம். நான் சொல்வதைக் கேட்டவர்கள் கதி தெரியும் உங்களுக்கு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஷெஃப்லர் ஜெயிக்கவில்லை. இந்த ஒரு தடவை நான் சொன்னது சரி.

ஜெயித்தது ஃப்ளீட்வுட். 164-ஆவது போட்டியில் முதல் வெற்றி.

நான் கட்டவில்லை. 11-ஆம் தேதி எழுதியிருப்பதைப் பாருங்கள்.